பத்தாயிரத்து எண்பதில் ஒருவர்

அந்த எண்ணின் பெருமையை எங்கள் இயக்குநருக்கு எடுத்துச் சொன்னவள் நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். ஆகவே இந்தக் கதையில் நான் யாரைத் திட்டினாலும் அதில் பாதி என் தலையிலும் விழும். அதற்காகத் திட்டாமல் சொல்ல எனக்கு வராது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் மேலே இருந்த அணை உடைந்து ஆறு எங்கள் ஊருக்குள் வந்தது. 'தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன' என்ற பழமொழியை இங்கே யாரும் சொல்வதில்லை. வாய்தவறிச் சொன்னவர் தானே எழுந்து வெளியே போய்விடுவார். இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்து ஆற்றங்கரையில் ஒரு சுவர் எழுப்புவது என்று முடிவாகி, அதற்கென்று ஓர் அலுவலகம் வைத்தார்கள். பழைய நீரேற்று நிலையத்தின் பின்பக்கம் மூன்று அறைகள். முதல் அறையில் இயக்குநர், இரண்டாவதில் கோப்புகள், மூன்றாவதில் ஒரு சாய்வு மேசையும் நானும். சுவருக்கு வரைபடம் போடுவது என் வேலை. கொல்லைப்பக்கத் தகரக் கொட்டகையில் வெல்டர் ஒருவர் இரும்புச் சட்டங்களில் பெயர்த் தகடுகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

பதிவுத்துறை அனுப்பிய பட்டியலில் 10,080 பெயர்கள் இருந்தன. அதைப் பார்த்ததும் நான் சந்தோஷப்பட்டேன். செத்தவர்கள் பட்டியலைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே பிறவி நானாகத்தான் இருக்கும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே எண் பைத்தியம். பேருந்துச் சீட்டில் இருக்கும் எண்ணைக்கூட எதால் வகுபடும் என்று பார்த்துவிட்டுத்தான் கசக்கிப் போடுவேன். 10,080 லேசுப்பட்ட எண் இல்லை. ஒன்று முதல் பத்து வரை எதால் வகுத்தாலும் மீதி வராது. மொத்தம் எழுபத்திரண்டு எண்கள் அதை மீதியில்லாமல் வகுக்கும். அதைவிடச் சின்ன எண் எதற்கும் அத்தனை வகுத்திகள் கிடையாது. ஒரு வாரத்துக்கு எத்தனை நிமிடம் என்று பெருக்கிப் பார்த்தால் அதுவும் இதுவே. சுவரில் எத்தனை வரிசை கேட்டாலும் பெரும்பாலும் 'சரி' என்று தலையாட்டும் சமத்துப் பிள்ளை.

இதை நான் மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கலாம். ஓடிப்போய் இயக்குநரிடம் சொன்னேன். நாங்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் சதுரம். மேசைமேல் பேனா கோணலாகக் கிடந்தால்கூட அவருக்கு மூச்சு முட்டும். அப்படிப்பட்டவரிடம் போய், 'பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று எழுபது சட்டம் போட்டால் ஒரு தகடு கூடாது, ஒரு தகடு குறையாது' என்று சொன்னால் என்ன ஆகும்? குழந்தை கையில் பொம்மை கிடைத்த மாதிரி ஆகிவிட்டார். அழைப்பிதழில் 10,080 என்று கொட்டை எழுத்தில் அச்சடித்தார். டீ கொண்டுவருகிறவரிடம்கூட 'எழுபத்திரண்டு' என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

திறப்பு விழாவுக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது ஒரு காலை வெல்டர் என் அறைக்குள் வந்தார். ஐம்பதை நெருங்கும் ஆள். இடது காலைச் சற்று இழுத்துத்தான் நடப்பார். கையில் உள்ளங்கை அகலத் தகடு ஒன்று.

"இதை நான் வைக்க மாட்டேன் மேடம்."

"ஏன், எழுத்துல தப்பா?"

"எழுத்தெல்லாம் சுத்தமா இருக்கு. ஆளுதான் தப்பு."

"யாரு இவரு?"

"நான்தான்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பட்டியலை எடுத்துப் பார்த்தேன். தந்தை பெயர், தெரு, கதவு எண், தொழில் எல்லாம் ஒத்துப்போயின. நாற்பத்து மூன்றாவது சட்டம், ஐந்தாவது வரிசை, ஒன்பதாவது தகடு. என் முன்னால் நின்று நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த மனிதர் பட்டியல்படி ஒன்பது வருடமாக இறந்துகிடந்தார்.

"வெள்ளம் என்னை எங்கயோ கொண்டுபோய்ப் போட்டுச்சு. இடுப்பெலும்பு முறிஞ்சு நாலு மாசம் வேற ஊரு ஆஸ்பத்திரில. ரோடும் இல்ல, போனும் இல்ல. திரும்பி வந்து பாத்தா, என் பொண்டாட்டி என்னைப் புதைச்சு முடிச்சிருந்தா."

"அப்பவே ஆபீஸ்ல சொல்லலியா அண்ணே?"

"சொல்லாம? நான் செத்ததை எழுத ஒரு நிமிஷம் ஆச்சு. உயிரோட இருக்கேன்னு எழுத ஒன்றரை வருஷம் நடந்தேன். உயிரோட இருக்கறதுக்கு சீல் வெச்ச பேப்பர் வெச்சிருக்கேன் மேடம், உங்ககிட்ட இருக்கா?"

என்னிடம் இல்லை. அந்தத் தாள் பட்டியல் போட்டவர்கள் மேசைக்கு வந்து சேரவில்லை போலும். அவர் தகட்டை என் வரைபடத்தின்மேல் வைத்தார். கோபம் குரலில் இல்லை, விரல்களில் இருந்தது.

"விழாவுக்கு அவ வருவா. அந்த நாலு மாசம் அவ எப்படி இருந்தான்னு பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். இன்னிக்கு வரைக்கும் அவ வாயால ஒரு வார்த்தை சொன்னதில்ல. இந்தத் தகடு அவ கண்ணுல படக்கூடாது. அவ்வளவுதான் நான் கேக்கறது."

நியாயமான பேச்சு. 'எடுத்துவிடுகிறேன்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. 10,080-இல் ஒன்று போனால் 10,079. இது எதாலும் வகுபடாதோ என்று அந்த எண்ணைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் தட்டியது.

இயக்குநரிடம் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு, பேனாவை நேராக நகர்த்தி வைத்தார்.

"உயிரோட இருக்காரா?"

"கொட்டகையில நிக்கறார் சார்."

"ரொம்ப சந்தோஷம். திறப்பு விழா வரைக்கும் அப்படியே இருக்கட்டுமே. அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்படியேன்னா, செத்தா சார்?"

"வார்த்தையப் புடிச்சுத் தொங்காதீங்கம்மா. பத்தொன்பது நாளு. ஒன்பது வருஷம் பொறுத்தவருக்குப் பத்தொன்பது நாளா பெருசு?"

"அந்த இடத்தை வெறுமையா விடலாம் சார்."

"பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கும். நீங்கதானே சொன்னீங்க, ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாதுன்னு? இப்ப வேற மாதிரி வகுத்துக் கொண்டாங்க. சட்டம் சின்னதா போனாலும் பரவால்ல, வரிசை முழுசா இருக்கணும்."

அன்று சாயங்காலம் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து 10,079-ஐ வகுத்தேன். கணிப்பொறி ஒரு நொடியில் சொல்லிவிடும். ஆனால் திட்டு வாங்கிய அன்று எனக்குக் கையால் போட்டால்தான் ஆத்திரம் அடங்கும். நூறுக்குள் இருக்கும் பகா எண்கள் இருபத்தைந்தையும் போட்டுப் பார்த்தால் போதும். இரண்டு, மூன்று, ஐந்து எல்லாம் பார்த்த உடனே போயிற்று. ஏழால் வகுத்தால் மீதி ஆறு. பதினொன்றுக்கு மூன்று. பதின்மூன்றுக்கு நான்கு. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு மீதியைத் துப்பியது.

அத்தை பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். என் கணவருடைய அம்மா. எனக்கு மாமியார் என்பதைவிட, எனக்கு எதிரணி வக்கீல் என்பது பொருத்தம்.

"யாரை இப்படிக் கூறுபோட்டுட்டு இருக்கே?"

விஷயத்தைச் சொன்னேன். கணவர் பணிமனையில் பேருந்துகளுக்கு பிரேக் பார்ப்பவர். கைக் கறுப்பைத் துணியில் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"உயிரோட இருக்கறவனைச் செத்தவன்னு எழுதறதுக்கு உங்க சாரு சொல்ற காரணம், வகுபடலங்கறதா?"

"ஆமா."

"நல்ல வேளை, அவருக்கு பிரேக் பாக்கற வேலை குடுக்கல."

"அந்த சாரை மட்டும் ஏன் சொல்றே?" என்றார் அத்தை. "எண்ணைப் பாத்துப் பல்லை இளிச்சது உன் பொண்டாட்டி. மூணு மாசமா வீட்டுல எழுபத்திரண்டு எழுபத்திரண்டுன்னு நாமளும்தானே கேட்டோம்."

எனக்குச் சுருக்கென்றது. கடைசியாகத் தொண்ணூற்றேழால் வகுத்தேன். மீதி எண்பத்தெட்டு. முடிந்தது கதை. 10,079 பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் வகுபடாது. எழுபத்திரண்டு பேர் புழங்கிய வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் இப்படி ஒரு முசுடு. பென்சிலை மேசைமேல் வீசினேன். அது உருண்டு அடுப்புக்கு அடியில் போயிற்று, அதை எடுக்கவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை விடையைச் சொன்னபோது இயக்குநர் கொஞ்சமும் கலங்கவில்லை. அவர் முகத்தில் ஏதோ வெளிச்சம்.

"ராத்திரி யோசிச்சேன். சுலபம். ஒண்ணை எடுத்தா ஒண்ணை வெச்சிடுவோம். அந்த இருபத்து நாலு மனு இருக்கில்ல? மேல இருக்கறதை எடுத்துப் போடுங்க. பத்தாயிரத்து எண்பது!"

அந்த இருபத்து நாலு மனுவைப் பற்றி நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது, அதனால் சொல்லவில்லை. வெள்ளத்தில் போய் உடல் கிடைக்காதவர்கள் அவர்கள். உடல் இல்லையென்றால் ஏழு வருடம் கழித்துத்தான் இறந்ததாகச் சான்று தருவார்கள். வீட்டார் அதற்குமேலும் இரண்டு வருடம் அலைந்து அந்தச் சான்றை வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்தபோது பட்டியல் வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. முதல் மனு வந்த அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? 10,081 எதால் வகுபடும் என்று பார்த்தேன். பதினேழு பெருக்கல் ஐந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று. எனக்கு எரிச்சல் வந்தது. இறந்துபோன ஒருவர்மேல், அழகான எண்ணைக் கெடுக்க வந்தார் என்று எரிச்சல். இயக்குநர் 'பட்டியல் நிறைவுற்றது என்று எழுதிவிடுங்கள்' என்றார். இருபத்து நாலு பேருக்கும் நானே எழுதினேன், நானே கையெழுத்துப் போட்டேன். எல்லாம் ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லாமல்.

இப்போது அதில் ஒருவர் உள்ளே வரலாம். இறந்ததற்காக அல்ல, கட்டின் மேலே கிடந்ததற்காக.

அந்தத் தகட்டையும் எடுத்துக்கொண்டு கோப்பு அறைக்குப் போனேன். ஒரு பெயரை நீக்க, அந்தப் பெயர் எப்படிச் சேர்ந்தது என்ற அடையாளத் தாளைக் கோடிட்டு ரத்துசெய்ய வேண்டும். வெல்டரையும் கூப்பிட்டேன், அவர் கையெழுத்தும் அதில் தேவை. தூசியைத் தட்டித் தாளை எடுத்து உரக்கப் படித்தேன்.

"ஆண் உடல். முகம் அடையாளம் தெரியவில்லை. தோல் கோட்டு அணிந்திருந்தார், உள்பக்கம் பெயரும் தெருவும் தைக்கப்பட்டிருந்தன. மனைவி கோட்டை அடையாளம் காட்டினார். இங்க ஒரு கையெழுத்து போடுங்க அண்ணே."

அவர் பேனாவை வாங்கவில்லை.

"கோட்டா?"

"ஆமா. நெருப்புப் பொறி படாம இருக்க நீங்க போட்டுக்கறது."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்தைப் பார்த்து நான் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தேன்.

"பள்ளிக்கூட மொட்டைமாடில நாங்க முப்பது நாப்பது பேரு நின்னோம்," என்றார். "பக்கத்துல ஒரு பையன். இருபத்தஞ்சு வயசு இருக்கும். பல்லு கிட்டிப்போய் நடுங்கினான். கோட்டைக் கழட்டி நான்தான் போட்டு விட்டேன். செருப்பு அடிச்சுட்டுப் போச்சாம். அதுக்கு அக்கா திட்டுவாங்களாம். ஊரே போகுது, இவன் செருப்புக்கு அழுதான். அப்புறம் மாடி இடிஞ்சுது."

"பேரு சொன்னானா?"

"நான் கேக்கல மேடம். யாரு பேரு கேட்டா அப்ப?"

தாளை மறுபடி ஒருமுறை படித்தேன். நேற்றிலிருந்து நான் கழித்துக்கொண்டிருந்தது ஓர் ஆளை அல்ல என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெயர்தான் தப்பு. அந்தப் பெயருக்குக் கீழே ஒருவன் நிஜமாகவே இறந்துகிடந்தான். வெல்டரின் மனைவி நிஜமாகவே ஒருவனைப் புதைத்திருந்தார். அவன் முகத்தைக் கடைசியாகப் பார்த்தவர் என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"பாத்தா அடையாளம் தெரியுமா அண்ணே?"

"ஒன்பது வருஷமா தெரியுது."

நான் இருபத்து நாலு மனுக்களையும் கொண்டுவந்து கோப்பு மேசையில் பரப்பினேன். ஒவ்வொன்றிலும் ஒரு புகைப்படம். பெண்கள், கிழவர்கள், பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி. தேவையில்லாதவற்றை ஒதுக்கியிருக்கலாம். நான் ஒதுக்கவில்லை, அவரும் ஒவ்வொன்றையும் நின்று பார்த்தார். பத்தொன்பதாவதில் அவர் விரல் இறங்கியது.

"இவன்தான்."

மனுவைத் திருப்பினேன். வயது இருபத்தாறு. கண்ணாடி வெட்டும் தொழில். மனு கொடுத்தவர்: அக்கா.

வெல்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நான் மேசையோரம் வைத்திருந்த பழைய தகட்டை எடுத்தார். "இதை நான் உருக்கிடறேன். இவன் பேருல புதுசு அடிங்க. இதை நானே வைக்கறேன்."

கணக்கு நேராகிவிட்டது. 10,080. சதுரம் துள்ளிக் குதிப்பார். என் எழுபத்திரண்டு வகுத்திகளும் பத்திரம். நான் மனுக்களைத் திரும்பக் கட்ட ஆரம்பித்தேன். சிறுமியின் படம் மேலே வந்தது. அதைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு நிமிர்த்தினேன்.

"மத்தவங்க?" என்றார் வெல்டர்.

அவர் குற்றம்சாட்டவில்லை, சும்மாதான் கேட்டார். அதனால்தான் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. யார்மேல் என்று பிரித்துச் சொல்ல முடியாது, இயக்குநர்மேல், எண்மேல், அழகாக ஒற்றுப்போட்ட என் இருபத்து நாலு கடிதங்கள்மேல். இருபத்து மூன்று மனுக்களையும் வாரிக்கொண்டு முதல் அறைக்குப் போனேன். வெல்டர் காலை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

"பத்தாயிரத்து நூத்தி மூணு சார்," என்று மேசைமேல் போட்டேன். அவருடைய பேனா உருண்டு கீழே விழுந்தது.

"என்னது?"

"இறந்தவங்க எண்ணிக்கை. இதுதான் சரி."

அவர் மனுக்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "இது எதால வகுபடும்?"

வரும் வழியில் என் மண்டை அதைத்தான் செய்துகொண்டிருந்தது, பழக்கதோஷம். கோப்பு அறை வாசலிலேயே எனக்கு விடை தெரியும். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"எதாலயும் வகுபடாது சார். இதுவும் பகா எண்."

"அப்ப எத்தனை வரிசை போடுவீங்க?"

"ஒரே வரிசைதான் வரும்."

"ஒரே வரிசையா! ஒரு கிலோமீட்டர் போகுமேம்மா!"

"கரை ரெண்டு கிலோமீட்டர் இருக்கு."

"சட்டம் நாப்பத்திரண்டு முடிஞ்சாச்சு. அழைப்பிதழ் போயாச்சு. உங்களுக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"தகடுகளைப் பேர்த்தெடுக்க ஒரு வாரம் ஆகும்," என்றார் வெல்டர் வாசலில் இருந்து. "மாட்டேன்னா சொல்லிடுங்க சார். நாப்பத்தி மூணாவது சட்டத்துக்கு வேற ஆளப் பாருங்க. உயிரோட இருக்கற ஆளா பாத்து வைங்க."

இயக்குநர் குனிந்து பேனாவை எடுத்தார். மேசையில் வைத்தார். நேராக்கவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு, "வெளிய போங்க, யோசிக்கணும்," என்றார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவரிடம் இதற்குமேல் எதிர்பார்த்தால் முட்டிக்கொள்வது நம் தலைதான்.

என் அறைக்கு வந்து, மனுவில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தது அந்த அக்காவேதான். நான் யார் என்று சொன்னேன். உங்கள் தம்பியை அடக்கம் செய்த இடம் தெரிந்துவிட்டது என்றும், கடைசியாகப் பார்த்தவர் இங்கே இருக்கிறார் என்றும், எப்போது வந்தாலும் அவர் பேசுவார் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"சுவத்துல அவன் பேரு வருமா?"

"வரும்."

"எத்தனாவது வரிசை? நான் குள்ளம்மா. ரொம்ப உயரத்துல வெச்சிட்டா கைக்கு எட்டாது."

என் மேசையில் பழைய வரைபடம் விரிந்துகிடந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு சட்டம், மொத்தம் எண்பத்து நாலு வரிசை. மேலே இருக்கும் பெயர்களை அண்ணாந்து பார்க்கலாம், தொட முடியாது. மூன்று மாதம் அதை வரைந்தவளுக்கு இது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

"ஒரே வரிசைதாங்க," என்றேன். "எட்டும்."

"போன தடவை இல்லன்னு எழுதினது நீங்கதானே? கையெழுத்து இருக்கு எங்கிட்ட."

"நான்தான்."

"அப்ப இதையும் எழுதிக் குடுங்க."